ஐந்தாம் போர்ட்டில் கிடக்கும் கடல்

கடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஜெமியிடம் கேட்டால் சொல்லுவாள். கரையை விட்டுத் தெற்கே பதினெட்டு மைல் போனால், கிழவன் குனிந்து நிற்பதுபோல முதுகு வளைந்த ஒரு பாறை. அதன் சரிவில் கணவாய் மீன்கள் நிறம் மாற்றி நிறம் மாற்றி விளையாடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் இரண்டு பாறைகள், பேச்சுவார்த்தை இல்லாத அக்காள் தங்கை மாதிரி ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் வலை இறங்கினால் திரும்பி வராது. இன்னும் தள்ளி, மணலில் பாதி புதைந்த ஒரு மேடு. அதன் பொந்துகளில் கலவா மீன்கள் வாயைத் திறந்தபடி மிதக்கும். வெளிச்சம் அங்கே பச்சையாக இறங்கும். சத்தம் என்பதே கிடையாது.

இதில் ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் அவளுடைய அப்பா மரியஜானின் வாய்வழியாகக் கண்டது.

கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டுக்கு அந்தக் கரையில் பாரு என்று பெயர். மீன் தங்குவது பாருகளில்தான். கரைக்குப் பக்கத்திலுள்ள பாருகளை, கோவில் கோபுரத்தையும் தூரத்து மலையுச்சியையும் ஒரு கோட்டில் சேர்த்துப் பிடித்துக் கண்டுகொள்ளலாம். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு எண்கள்தான் கதி. கைக்கடக்கமான ஜிபிஎஸ் பெட்டிக்குள் டிகிரியும் நிமிடமும் புள்ளியுமாகக் கிடக்கும் எண்கள். மரியஜானிடம் அப்படி நானூற்றுப் பன்னிரண்டு பாருகள் இருந்தன. இருபத்திரண்டு வருடம் தேடிச் சேர்த்தது. ஒவ்வொன்றும் ஒரு வலையைக் கிழித்தோ ஒரு நாள் டீசலைக் குடித்தோதான் கைக்கு வந்தது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறவன்கூடப் பாரு எண்ணை அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டான். கூடப்பிறந்தவனுக்கே கொடுக்காமல் செத்தவர்கள் அந்த ஊரில் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜெமி கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும்போது, பழைய பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டினாள். பூட்டிய சூட்டோடு அப்பாவிடம், "உங்க பாரு எல்லாத்தையும் இதுல போட்டு வைக்கேன். ஜிபிஎஸ் தண்ணியில விழுந்தா என்ன செய்வீங்க?" என்றாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் ஜிபிஎஸ்ஸில் கேபிளைச் செருக விடவில்லை.

"வயரக் குத்தாத மக்கா. குடிச்சிரும்."

"என்னத்தக் குடிக்கும்?"

"எல்லாத்தையும்."

ஆகவே அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். பதினோரு சாயங்காலம். கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜிபிஎஸ்ஸைப் பார்த்து அவர் சொல்லுவார். எண்ணைச் சொன்னதோடு விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாருவின் உடம்பையும் சொல்லுவார். நீளம், குழி, எந்தப் பக்கம் வழுக்கல், எந்த மாதம் எந்த மீன். ஜெமியின் விரல்கள் எண்ணை அடித்துவிட்டு நின்றுவிடும். அறை மெல்ல மெல்ல நிறைந்து, அலமாரி மிதந்து, ஃபேன் காற்று நீரோட்டமாகி, இருவரும் பச்சை வெளிச்சத்துக்குள் இறங்கியிருப்பார்கள். அம்மா வியாகுலம்மாள் கதவைத் தட்டிக் கஞ்சிக்குக் கூப்பிட்டால்தான் தரை தட்டும்.

பன்னிரண்டாவது நாள் அவர் வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் கையை அதன்மேல் வைத்தார். நெட்டில் ஏற்ற மாட்டேன், பென் டிரைவில் எடுக்க மாட்டேன், போனில் படம் பிடிக்க மாட்டேன். மூன்று சத்தியம். படித்த பிள்ளையை இப்படி அவமானப்படுத்த வேறு யாராலும் முடியாது என்று அவள் நினைத்தாள். நினைத்தாலும் சத்தியத்தை மீறவில்லை.

அந்த நானூற்றுப் பன்னிரண்டும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. அப்பாவின் ஜிபிஎஸ்ஸை விட்டால் வேறெங்கும் இல்லை.

ஆகஸ்டு மாதத்துத் திங்கட்கிழமை. நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் முன்மேஜையில் ஜெமி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டின் முதல் பட்டதாரி. கடையில் அவளுக்கு வேலை, வருகிறவர்களுக்கு டோக்கன் எழுதுவது, போன் எடுப்பது. உள்ளே மூன்று ஆண்கள் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவனும் டிகிரி முடித்தவனல்ல. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பத்து மாதமாக அவள் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை யாரும் கொடுத்ததில்லை. லேப்டாப்பைக் கொண்டுவருகிறவர்களிடம் "என்ன பிரச்சினை" என்று கேட்டால், அவள் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "பையன் யாரும் இல்லியா?" என்பார்கள். அவள் தன் பைக்குள் சொந்தமாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தாள். பேனாவைப் போல, தினமும் கொண்டுவந்து தினமும் கொண்டுபோவாள்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, ஒனக்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம்."

"யார் சொன்னா?"

"ஒனக்க அண்ணன்தான். மஸ்கட்ல இருந்து கொண்டாந்தான்லா, சூயிங்கம் மாதிரி ஒண்ணு. அத உள்ள வச்சு அமுக்குனான். பொறவு அப்பாக்க கணக்கெல்லாம் காணோம்."

ஜெமிக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஷிபு லீவுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. அப்பாவின் பழைய ஜிபிஎஸ் போன வாரம் கண்ணை மூடியதால் புதிது ஒன்று வாங்கிவந்திருந்தான். அதற்குள் இன்னும் ஒரு எண்ணும் ஏறவில்லை. இன்று சாயங்காலம் ஏற்றுவதாக ஜெமி சொல்லியிருந்தாள். கணவாய் பட்டுக்கொண்டிருக்கும் நேரம். அப்பா நான்கு நாளாகக் கரையில் கிடக்கிறார். இதற்கிடையில் தங்கச்சியின் கம்ப்யூட்டரை வேகமாக ஓட வைக்கிறேன் என்று அண்ணன் புது ரகச் சேமிப்புக் கார்டு ஒன்றை உள்ளே செருகியிருக்கிறான்.

"அப்பா எங்க?"

"கரையிலதான். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. கடலு தொலஞ்சு போச்சுன்னு சொல்லிட்டிருக்காரு. இன்னொண்ணு கேளு. நாலு மணிக்கு அனிஷ் வருகானாம், அந்த டிஸ்க கழத்திக் கொண்டுபோக. அண்ணன்கூடப் படிச்சானே, அடுத்த ஊர்ல கடை வச்சிருக்கான்லா, அவன்."

"அம்மா, அவனுக்க அண்ணனுக்கு மூணு வள்ளம் இருக்கு."

"நானும் அதத்தான் சொன்னேன். அதுக்கு ஒனக்க அண்ணன், மஸ்கட்ல யாரும் இப்படிச் சந்தேகப்படுறதில்லன்னு சொல்லுகான். மஸ்கட்ல இவனுக்கு என்ன பாரு கெடக்கோ."

ஜெமி எழுந்து முதலாளி சிவபிரசாத்தின் முன்னால் போய் நின்றாள். அரை நாள் லீவு வேண்டும் என்றாள்.

"மதியத்துக்கு மேல கூட்டம் வரும்லாம்மா. டோக்கன் யார் எழுதுவா?"

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச யாரும் எழுதலாம் சார். நீங்களும் எழுதலாம்."

உள்ளேயிருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நாளைக்கு அந்த நாற்காலி இருக்குமோ இருக்காதோ, அது நாளைக்கு.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தென்னைகளும் வாழைத் தோட்டங்களும் குளங்களும் பின்னால் நழுவின. ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தகடு சுற்றுகிற சாதனம். கீழே போட்டால் சாகும், மின்சாரம் தாறுமாறாக வந்தால் சாகும். பக்கத்தில் ஒரு கார்டை வைத்து அமுக்கியதற்காகச் சாகாது. நேற்றுவரை நன்றாகச் சுற்றியது. அப்படியென்றால் அது சாகவில்லை. கம்ப்யூட்டருக்கு அதைத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஏன் தெரியவில்லை?

அவள் கண்ணை மூடினாள். மதர்போர்டு மேலிருந்து பார்த்த ஊர்போல விரிந்தது. நடுவில் பிராசஸர், சந்தைக்கூடம் மாதிரி. அதற்குப் பக்கத்தில் மெமரிப் பட்டைகள் வரிசை வீடுகளாக. அங்கிருந்து தலைமுடியைவிட மெல்லிய செம்புப் பாதைகள் வளைந்து வளைந்து கரைக்கு ஓடின. கரையோரத்தில் சாட்டா போர்ட்கள் ஆறு. டிஸ்க்கிலிருந்து வரும் கேபிளைச் செருகுகிற இடம் அதுதான். ஆறு வள்ளம் ஒதுங்குகிற துறை. புதிய ரகக் கார்டுக்குக் கேபிள் கிடையாது. அது ஊருக்கு நடுவிலேயே, எம்.டூ என்கிற ஒரு பிளவில் படுத்துக்கொள்ளும். சந்தையை ஒட்டி வீடு, அதனால் வேகம். பஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது அந்த ஊரும் ஏறி இறங்கியது. செம்புப் பாதைகளில் தண்ணீர் ஓடுகிறாற்போல இருந்தது.

அவள் பூட்டிய போர்டின் மாடல் எண் அவளுக்கு மறக்கவில்லை. போனில் தேடி அதன் கையேட்டை இறக்கினாள். தொண்ணூறு பக்கம். பதினேழாம் பக்கத்தில் படத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது. எம்.டூ பிளவில் கார்டு ஏறினால் ஐந்து, ஆறு எண் சாட்டா போர்ட்கள் வேலை செய்யாது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். போர்டில் பாதைகள் எண்ணி வைத்தாற்போல் கொஞ்சம்தான். புதிதாக வருகிறவனுக்குப் பாதை வேண்டுமென்றால் ஐந்திடமிருந்தும் ஆறிடமிருந்தும் பிடுங்கிக் கொடுத்துவிடும். ஒரு விளக்கு எரியாது, ஒரு பீப் சத்தம் வராது. இருந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலை அடைத்துவிட்டு, அதை எறும்பு எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"வெளங்காதவன்," என்றாள் சத்தமாகவே.

பக்கத்தில் மீன் சருவத்தோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பினாள். "யாராக்கும் பிள்ளே, மாப்பிளையா?"

"இல்லக்கா. போர்டு செஞ்சவன்."

"கரண்டு போர்டா. அவனுவ அப்படித்தான்."

டிஸ்க்கை ஐந்தாம் போர்ட்டில் செருகியது ஜெமிதான். அன்றைக்கு அவளிடமிருந்தது ஒரு கட்டைக் கேபிள்; அது எட்டியது ஐந்துக்கும் ஆறுக்கும்தான். அப்போது இந்தப் பதினேழாம் பக்கத்தை அவளும் படிக்கவில்லை. அண்ணனை மட்டும் திட்டுவதற்கில்லை. ஆனாலும் திட்டினாள்.

வீட்டை அடைந்தபோது மூன்றரை. ஷிபு சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டு நின்றான்.

"அண்ணா, கேபிள வேற போர்ட்ல மாத்திப் பாத்தியா?"

"ஏட்டி, நான் மஸ்கட்ல எத்தன கம்ப்யூட்டர் பாத்திருக்கேன். டிஸ்க் போச்சுன்னா போச்சுதான். நீ கடையில டோக்கன் எழுதுற பிள்ள, எனக்குச் சொல்லித் தராத."

"மஸ்கட்ல நீ கம்ப்யூட்டரப் பாத்திருப்ப. குடோன்ல பொட்டி பொட்டியா அடுக்கி வச்சிருப்பாங்க."

அவன் முகம் சுருங்கியது. அனிஷுக்கு வீடு தெரியாது, முக்கு வரை போய்க் கூட்டிவருகிறேன் என்று போய்விட்டான்.

அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஜெமி உள்ளே போய்ப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பெட்டியின் பக்கத் தகடு உப்புக்காற்றில் கொஞ்சம் பிடித்திருந்தது. கழற்றியதும் பழக்கமான வாசனை, தூசியும் சூடும் கலந்தது. போர்டு அவள் பஸ்ஸில் கண்ட ஊராகவே கிடந்தது. ஊருக்கு நடுவில் புதுக்கார்டு மினுமினுத்தது. அவளுக்கு அவசரம் தெரியவில்லை. கைகள் தண்ணீருக்குள் அசைவதுபோல மெதுவாக அசைந்தன. ஐந்தாம் போர்ட்டிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். டிஸ்க்கைத் தாங்கியிருந்த திருகை எடுத்து, அதைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தாள். இப்போது கட்டைக் கேபிள் இரண்டாம் போர்ட்டுக்கு எட்டியது. சின்னதாக ஒரு 'டிக்'. பட்டனை அழுத்தினாள்.

விண்டோஸ் வந்தது. இ டிரைவ் வந்தது. அதற்குள் அப்பாவின் பெயரில் ஒரு கோப்பு. திறந்தாள்.

எண்கள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயின. ஒன்று, முதுகு வளைந்தவன். இரண்டு, மூன்று, அக்காளும் தங்கையும். அவள் மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட பாருகள் இருட்டிலிருந்து எழுந்து வந்து பச்சை வெளிச்சத்தில் நின்றன. கணவாய்கள் நிறம் மாறின. நூற்றுநாற்பது. இருநூறு. ஒரு வலை கிழிந்த இடம், ஒரு நாள் முழுக்க மழையில் நின்ற இடம், அப்பா முதன்முதலாகத் தனியாகக் கண்டுபிடித்துவிட்டு நடுக்கடலில் உட்கார்ந்து அழுத இடம். நானூற்றுப் பன்னிரண்டு. கடைசி வரிக்குக் கீழே வெறும் வெள்ளைக் கட்டங்கள். கோப்பை ஒருமுறை மூடி, மறுபடி திறந்து, இன்னொரு தடவை எண்ணினாள்.

வெளியே பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்த டிஸ்க்கைவிட உயிருள்ள டிஸ்க் ஆபத்து. இதைப் பார்த்தால் அண்ணன் சந்தோஷத்தில் "பாரு எல்லாம் கெடச்சாச்சு" என்று அனிஷையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவான். ஒரு போன், ஒரு படம், முடிந்தது. நாளை விடிவதற்குள் மூன்று வள்ளம் முதுகு வளைந்தவன் மேல் நிற்கும்.

கம்ப்யூட்டரை அணைத்தாள். இரண்டாம் போர்ட்டிலிருந்து கேபிளை உருவி மறுபடி ஐந்தில் செருகினாள். டிஸ்க்கைப் பழைய இடத்துக்கே இறக்கினாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னத்த மாத்துக?"

"ஒண்ணுமில்ல. வாறவனுக்குக் கட்டஞ்சாயா போடு. நல்லா சூடாப் போடு, பைய குடிக்கட்டு."

அனிஷ் நல்ல மரியாதைக்காரன். செருப்பை வாசலில் கழற்றினான், வியாகுலம்மாளிடம் உடம்பு சுகமா என்று கேட்டான், ஜெமியைத் தங்கச்சி என்றான். உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே நிறுத்தி, டிஸ்க்குகளின் பட்டியலையும் பார்த்தான். புதுக்கார்டு இருந்தது. விண்டோஸ் கிடக்கிற சின்ன டிஸ்க் முதல் போர்ட்டில் இருந்தது. ஐந்துக்கு நேராக ஒன்றுமில்லை. கேபிளைப் பிடுங்கி ஐந்திலேயே திருப்பிச் செருகிப் பார்த்தான். பிறகு ஆறில் செருகினான். அடுத்தது நான்கு. கேபிளை நான்கின் பக்கம் இழுத்தான், எட்டவில்லை. விட்டுவிட்டான்.

"போயிட்டு தங்கச்சி. கவலப்படாதீங்க. கடையில கொண்டுபோய் வேற மெஷின்ல குத்திப் பாக்கேன்."

வேறு எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஒரு நிமிடத்தில் நானூற்றுப் பன்னிரண்டும் எழுந்து நிற்கும்.

"வேண்டாம்," என்றாள் ஜெமி.

"ஏன்?"

"தர முடியாது. அதான்."

"இவளுக்கு இப்படித்தான் பேசத் தெரியும். நீ எடுத்துக்கோ மக்கா," என்றான் ஷிபு.

அந்த நேரத்தில்தான் மரியஜான் உள்ளே வந்தார். முழங்கால்வரை மணல். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அவர் யாரையும் பார்க்காமல் டிஸ்க்கையே பார்த்தார். அனிஷ் எழுந்து நின்று, "மாமா, ரெண்டு நாளு தாங்க, எடுத்துத் தாறேன்," என்றான். அவர் தலை மெல்ல அசைந்தது. ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தைத் தொலைத்தவனிடம் யாராவது எடுத்துத் தருகிறேன் என்றால் அவன் எதையும் கொடுத்துவிடுவான்.

ஜெமி அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, போன வாரம் உங்க ஜிபிஎஸ் செத்ததும் என்ன செஞ்சீங்க?"

என்ன செய்தார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழுதான பெட்டியை அவர் எந்தக் கடைக்கும் கொடுப்பதில்லை. கடைக்காரனுக்கு ஒரு மச்சான் இருப்பான், மச்சானுக்கு ஒரு வள்ளம் இருக்கும் என்பது அவர் கட்சி. கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இதுவரை மூன்று பெட்டிகளை அப்படி அடக்கம் செய்திருக்கிறார்.

"இதையும் அப்படியே செய்யுங்க. செத்தத கரையில யாருக்கும் குடுக்க வேண்டாம்."

"ஒனக்குப் பைத்தியமா?" என்றான் ஷிபு. "அப்பாக்க இருபத்திரண்டு வருசம் அதுல கெடக்கு."

மரியஜான் மகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"எனக்க இருபத்திரண்டு வருசம்தான. எங்க போடணும்னு எனக்குத் தெரியும். கழத்து மக்கா."

அனிஷ் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு, போய் வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான். அவன் கெட்டவனா நல்லவனா என்று ஜெமிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நானூற்றுப் பன்னிரண்டு பாருகளைப் பந்தயம் வைக்க அவள் தயாராக இல்லை.

அப்பாவும் மகளும் கடலுக்கு நடந்தார்கள். வெயில் சாய்ந்து மணல் வெளுத்திருந்தது. டிஸ்க்கை அவர் இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். வள்ளங்களைத் தாண்டி, கிழிந்த வலை பொத்துகிறவர்களைத் தாண்டி, அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் குவிந்து கிடக்கும் ஓரத்துக்கு வந்தார்கள். அலை வந்து அவர் காலைத் தொட்டது. அவர் நிற்காமல் இறங்கினார்.

"அப்பா, நில்லுங்க. அது சாவல."

அவர் திரும்பினார்.

"கண்ணால பாத்தேன். போர்டுல ஒரு வாசல் அடஞ்சு போச்சு, அவ்வளவுதான். வேற வாசல்ல குத்தினா எல்லாம் தெரியுது."

"பின்ன செத்துப்போச்சுன்னு ஏன் சொன்ன?"

"அவன் இருந்தான்லா."

"ஒனக்க அண்ணனும்தான இருந்தான்."

"ஆமா. அண்ணனும் இருந்தான்."

ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்தது. மரியஜானின் உதடுகள் எதையோ எண்ணுவதுபோல அசைந்தன.

"எல்லாம் இருக்கா?"

"நானூத்திப் பன்னெண்டும்."

"முதுகு வளஞ்சவன்?"

"இருக்கான்."

"மழையில நின்னேனே, அது?"

"இருநூத்தி ஆறு."

"நான் அழுதது?"

"அதுவும் இருக்கு அப்பா. நீங்க சொன்ன மாதிரியே இருக்கு."

அவர் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். அலை இடுப்புவரை வந்து நனைத்தது. டிஸ்க்கை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஜெமி போய் அதை வாங்கித் தன் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். அந்த நிமிடத்தில் கடலுக்கு மேலே இருந்ததெல்லாம் பொய் போலவும், அடியில் இருப்பது மட்டும் நிஜம் போலவும் இருந்தது. வெளிச்சம்கூடப் பச்சையாகத்தான் தெரிந்தது.

மேலே ரோட்டோரம் ஷிபு அப்போதுதான் வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

மரியஜான் அவனைப் பார்த்தார். "அவன் நல்லவனாக்கும். நாலு வருசமா பாலைவனத்துல கெடந்து நமக்கு அனுப்புகான். ஆனா வாயில பூட்டு கெடயாது." எழுந்து, கற்குவியலிலிருந்து கைக்கடங்கிய ஒரு கல்லைப் பொறுக்கி, மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தார். மார்பளவு தண்ணீர்வரை நடந்து போய், கவரை உயர்த்தி ஒருதரம் காட்டி, தூர வீசினார். சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். மேலே ஷிபு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவனை டீசல் வாங்க அனுப்பினார்கள். ஜெமி டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி, இரண்டாம் போர்ட்டில் செருகி, கோப்பைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினாள். அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். புதிய ஜிபிஎஸ்ஸை அவள் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு மூணு போதும். மூணு மட்டும் போட்டுத் தா."

"மத்தது?"

"ஒனக்கிட்ட கெடக்கட்டு. தெனமும் சாயங்காலம் வந்து கேக்கேன். பெட்டி போனாலும் மூணோட போகும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "எந்த வாசல்ல குத்தி வைக்கன்னு எனக்கிட்டயும் சொல்லாத. கல்யாண வீட்டுல ரெண்டு ஊத்துனா நானே சொல்லிருவேன்."

ஜெமி மூன்று எண்களை அடித்தாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். ஜிபிஎஸ்ஸை நீட்டினாள், அவர் கை வைத்ததும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் என்னக் கூட்டிட்டுப் போணும். முதுகு வளஞ்சவன்கிட்ட."

"பொம்பளப்பிள்ள ஏறுனா மீன் படாதுன்னு சொல்லுவானுவ."

"பாரு எனக்கிட்ட இருக்கு. மீன் எப்படிப் படாம போகும்னு நான் பாக்கேன்."

மரியஜான் அவளைப் பார்த்தார். ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார்.

"வாந்தி எடுப்ப."

"எடுக்கேன்."

அவள் கையை விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஷிபு வந்து, அப்பாவைச் சமாதானப்படுத்த நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அதற்குள் கேபிள் ஐந்துக்குப் போய்விட்டிருந்தது. பக்கத் தகடு மூடி, நான்கு திருகும் இறுகியிருந்தது. அவன் ஒரு படத்தைப் புதுக்கார்டில் ஏற்றி ஓடவிட்டான்.

"பாத்தியா, எவ்வளவு வேகம்?"

"கொள்ளாம் அண்ணா," என்றாள் ஜெமி. அவள் பக்கத்தில் நின்று பெட்டியின் மேல் கைவைத்திருந்தாள். ஐந்தாம் போர்ட் அடைத்துத்தான் கிடந்தது. ஆனால் டிஸ்க்குக்கு மின்சாரம் வேறு வயரில் வரும். பட்டியலில் பெயர் இல்லை, திரையில் அடையாளம் இல்லை, இருந்தாலும் உள்ளே தகடு சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் மெல்லிய நடுக்கமாக அது ஏறி வந்தது, தூரத்து அலை தரை வழியாக வருவதுபோல.

ஷிபு காதைச் சாய்த்தான். "உள்ள என்னமோ சுத்துற சத்தம் கேக்குதே. டிஸ்க்தான் இல்லியே, பின்ன என்னது?"

"ஃபேன்," என்றாள் ஜெமி.